மேல்கையில் நரம்புக் கட்டி: ஊசிப் பரிசோதனை தேவையா, அறுவைக்குப் பின் கை பழையபடி இயங்குமா?

வைகைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கும் என் தங்கைக்கு வயது 38. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். வலது மேல்கையின் உட்புறத்தில், அக்குளுக்கும் முழங்கைக்கும் நடுவே அவளுக்கு ஒரு கட்டி இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இருப்பதாகவும், மிக மெதுவாகத்தான் வளர்ந்திருக்கிறது என்றும் சொல்கிறாள். சும்மா இருக்கும்போது வலி கிடையாது. ஆனால் கட்டியின் மேல் எதுவும் இடித்தாலோ, இறுக்கமான ரவிக்கைக் கை அழுத்தினாலோ, கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சுரீரென்று மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கிறதாம்.

முதலில் பார்த்த மருத்துவர், இது கொழுப்புக் கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்றார். தேதியும் குறித்துவிட்டோம். செவிலியராக இருக்கும் எங்கள் அத்தை மகள்தான், விரலுக்கு ஷாக் அடிக்கிற கட்டியை ஸ்கேன் பார்க்காமல் தொடவிடக் கூடாது என்று தடுத்தாள். அல்ட்ராசவுண்டும் பிறகு எம்.ஆர்.ஐ.யும் எடுத்தோம். மேல்கை வழியே கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்குப் போகும் மீடியன் நரம்பைச் சேர்ந்த, எல்லை தெளிவான, 2.8 சென்டிமீட்டர் நீளமுள்ள கட்டி என்றும், நரம்புறைக் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றும், ஷ்வானோமாவா நியூரோஃபைப்ரோமாவா என்பதைத் திசுப் பரிசோதனையோடு ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டும் என்றும் அறிக்கையில் இருக்கிறது.

இப்போது ஒரு மருத்துவர் ஊசியால் திசு எடுத்துப் பரிசோதித்த பிறகே அறுவை என்கிறார். இன்னொருவர் ஊசியே போடக் கூடாது என்கிறார். இது புற்றுநோயாக இருக்குமோ என்ற பயம் வீட்டில் அனைவருக்கும் இருக்கிறது. தங்கையின் கவலையோ வேறு. ஊசியில் நூல் கோக்கவும் கத்தரி பிடிக்கவும் அந்த இரண்டு விரல்களைத்தான் நம்பியிருக்கிறாள். அறுவைக்குப் பின் அவை மரத்துப் போனால் பிழைப்பு என்னாகும் என்று கேட்கிறாள். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நுண்ணறுவை எழுதியது:

உங்கள் தங்கையை நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். கை மற்றும் புறநரம்பு அறுவைதான் என் அன்றாட வேலை.

உங்கள் அத்தை மகள் செய்தது பேருதவி. மேல்கையின் உட்புறத்தில் மீடியன் நரம்பும் மேல்கைத் தமனியும் ஒன்றையொன்று ஒட்டியே இறங்குகின்றன. அந்த இடத்தில் உள்ள கட்டியைக் கொழுப்பு என்று நம்பித் திறப்பவர், அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் தண்டு போல ஒன்று ஒட்டியிருப்பதைக் கண்டு, கட்டியின் வேர் என்று எண்ணி இரண்டையும் வெட்டிவிட்டால், வெட்டுப்பட்டது நரம்பு என்பது மயக்கம் தெளிந்த பிறகுதான் தெரியவரும். அறுந்த நரம்பு இணைத்த பிறகு வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மேல்கையின் நடுவிலிருந்து கட்டைவிரலின் அடித்தசைக்கு அது போய்ச் சேர ஓராண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் அந்தச் சிறு தசைகள் மீட்க முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும். இவ்வகைக் கட்டிகளில் நோயாளிக்கு நேரும் பெரிய கெடுதி பெரும்பாலும் கட்டியால் வருவதில்லை, அது என்னவென்று அறியாமல் எடுக்கப் போவதால் வருகிறது. ஆகவே மரத்துப்போகும் ஊசி போட்டு எடுக்கும் யோசனையை இன்றே கைவிடுங்கள்.

நோயறிதலைப் பொறுத்தவரை, ஸ்கேன் அறைக்குப் போவதற்கு முன்பே பாதிக் கதை விரல்நுனியில் தெரிந்துவிடும். கையில் நரம்பு நெடுக்காக ஓடுவதால், அதில் உருவான கட்டியைப் பக்கவாட்டில் அசைக்க முடியும். மேலும் கீழுமாக அசைக்க முயன்றால் நகராது. கொழுப்புக் கட்டி எல்லாத் திசைகளிலும் நழுவும். அடுத்து, கட்டியின் மேல் விரல்நுனியால் மெல்லத் தட்டினால் அந்த நரம்புக்குரிய விரல்களில் அதிர்வு பாயும். இதற்கு டினெல் குறி என்று பெயர். பிரெஞ்சு மருத்துவர் ழூல் டினெல் 1915-இல், முதல் உலகப் போரில் காயமுற்ற நரம்புகளை ஆராய்ந்தபோது விவரித்தது. உங்கள் தங்கைக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதிர்கின்றன என்பதே மீடியன் நரம்பைச் சுட்டிக்காட்டுகிறது. சுண்டுவிரல் அதிர்ந்திருந்தால் அல்நார் நரம்பைத் தேடியிருப்போம்.

புறநரம்பில் வரும் தீங்கற்ற கட்டிகளில் இரண்டுதான் முதன்மையானவை. நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்களிலிருந்து தோன்றுவது ஷ்வானோமா. அது பெரும்பாலும் ஒரே ஒரு நரம்பிழைக் கற்றையில் முளைத்து, தனக்கென ஓர் உறையோடு வளர்ந்து, மற்றக் கற்றைகளை ஓரமாக ஒதுக்கித் தள்ளுகிறது. அவற்றுக்குள் ஊடுருவுவதில்லை. நியூரோஃபைப்ரோமா அப்படியன்று, அதில் ஷ்வான் செல்களோடு நார்த்திசுச் செல்களும் பிறவும் கலந்திருக்கும், நரம்பிழைகள் கட்டியின் ஊடாகவே செல்லும். எனவே ஷ்வானோமாவை நரம்பைக் காத்துக்கொண்டு முழுமையாக எடுப்பது பெரும்பாலும் கைகூடும். நியூரோஃபைப்ரோமாவிலும் தனிக் கட்டியாக இருந்தால் பல சமயம் முடியும்; ஆனால் கூடுதல் பொறுமை வேண்டும், சில கற்றைகளை இழக்கவும் நேரலாம்.

ஊசிப் பரிசோதனை பற்றி மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் நிலைப்பாடு இதுதான். மெதுவான வளர்ச்சி, தெளிவான எல்லை, தட்டினால் அதிர்வு, ஆனால் தசை பலவீனம் இல்லை, ஓய்வில் வலி இல்லை என்னும் நிலையில், எம்.ஆர்.ஐ.யும் அதற்கு ஒத்துப்போனால், முன்கூட்டி ஊசி போடுவதில் பயனைவிடத் தொல்லையே மிகுதி. ஊசி எந்தக் கற்றையைத் துளைக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. கடும் வலியும் நிரந்தர மரப்பும் ஏற்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட, ஊசியால் உள்ளே கசியும் இரத்தமும் பிறகு உண்டாகும் தழும்பும், கட்டிக்கும் நரம்புக்கும் இடையில் உள்ள மெல்லிய பிரிதளத்தை ஒட்டவைத்துவிடுகின்றன. எளிதாக வெளிவந்திருக்க வேண்டிய கட்டி அதன்பின் ஒவ்வோர் இழையிலிருந்தும் உரித்தெடுக்க வேண்டியதாகிவிடும். புற்று என்ற ஐயம் உண்மையிலேயே வலுவாக இருந்தால் மட்டும், அறுவை செய்யப்போகும் மருத்துவரோடு கலந்து, ஸ்கேன் வழிகாட்டலில், ஊசி செல்லும் பாதையையும் திட்டமிட்டுத் திசு எடுக்க வேண்டும்.

புற்று அச்சத்துக்கு: பரம்பரை நோய் எதுவும் இல்லாதவருக்கு வரும் தனி ஷ்வானோமா புற்றாக மாறுவது அரிதினும் அரிது.

நிழற்படம் எழுதியது:

நான் கதிரியக்கப் பிரிவில் பணியாற்றுகிறேன். படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தெரிந்துகொண்டால் அறிக்கையைப் படிக்கும்போது வீண் பீதி குறையும்.

எங்கள் கண் முதலில் தேடுவது கட்டியின் இரு முனைகளையும்தான். ஒரு முனையில் நரம்பு உள்ளே நுழைவதும் மறுமுனையில் வெளியேறுவதும் தெரிந்தால், அது நரம்பின் கட்டி என்பதில் சந்தேகம் அநேகமாக நீங்கிவிடும். நரம்பு கட்டியின் ஓரமாக ஒதுங்கிப் போனால் ஷ்வானோமாவையும், நடுவிலேயே நுழைந்து மறைந்தால் நியூரோஃபைப்ரோமாவையும் முதலில் நினைப்போம். எம்.ஆர்.ஐ.யில் டி-2 வகைப் படத்தில் வெளிவட்டம் வெளுப்பாகவும் நடுப்பகுதி கருமையாகவும் இலக்குப் பலகை போலத் தெரிவதும், கட்டியின் முனைகளைச் சுற்றி மெல்லிய கொழுப்பு விளிம்பு எஞ்சியிருப்பதும் தீங்கற்ற நரம்புறைக் கட்டிக்கு ஆதரவான அடையாளங்கள். ஆனால் சிறிய நரம்புகளில் ஓரம், நடு என்ற வேறுபாடே தெளிவாகத் தெரியாது. உங்கள் அறிக்கை இரண்டு பெயர்களையும் எழுதி நிறுத்திக்கொண்டிருப்பது அலட்சியம் அன்று, நேர்மை.

அல்ட்ராசவுண்டில் ஒரு பொறி இருக்கிறது. ஷ்வானோமா ஒரே சீராகக் கறுத்துத் தெரிவதாலும், அதன் பின்புறத்தில் ஒலி பளிச்சென்று கடந்து வருவதாலும், அவசரத்தில் பார்ப்பவர் நீர்க்கட்டி என்று எழுதிவிடுவதுண்டு. டாப்ளரைப் போட்டுக் கட்டிக்குள் இரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்தால் அது திடக்கட்டி என்று விளங்கிவிடும். மேல்கையின் இந்த இடத்தில் டாப்ளருக்கு இன்னொரு வேலையும் உண்டு. தமனிக்குப் பக்கத்தில் துடிப்போடு தோன்றும் வீக்கம் தமனியின் புடைப்பாக இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். முதல் மருத்துவர் சொன்ன கொழுப்புக் கட்டியை விலக்குவது எல்லாவற்றிலும் எளிது. கொழுப்பை அடக்கி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் கொழுப்புக் கட்டி அணைந்து இருண்டுவிடும், நரம்புக் கட்டியோ பளிச்சென்று நிற்கும்.

எங்களைக் கவலைகொள்ள வைப்பவை: ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அளவு, சில மாதங்களிலேயே வேகமான வளர்ச்சி, மங்கலான எல்லை, சுற்றியுள்ள திசுவில் நீர் கோத்தல், கட்டிக்குள் ஒழுங்கற்ற அழிவு. இவற்றோடு இரவில் எழுப்பும் வலியும் புதிதாக வந்த தசை பலவீனமும் சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது. ஒரு விதிவிலக்கும் சொல்லிவிடுகிறேன். பல்லாண்டு பழைய ஷ்வானோமா உள்ளுக்குள் சிதைந்து, நீர்ப்பைகளும் இரத்தக் கசிவும் சுண்ணாம்புப் படிவும் கொண்டு, படத்தில் புற்று போலவே பயமுறுத்தும். நுண்ணோக்கியில் பார்த்தால் அது தீங்கற்றதாகவே இருக்கும்.

இன்னொன்று, நம் பக்கத்தில் மறக்கக் கூடாதது. முழங்கையின் பின்புறம் அல்நார் நரம்பு தடித்துத் தெரிந்தால், கட்டி என்று முடிவுகட்டுவதற்கு முன் தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய படை ஏதேனும் உண்டா என்று பார்க்க வேண்டும். தொழுநோயில் நரம்பு பெரும்பாலும் உருண்டையாக அன்றி நீளக் கயிறாகத் தடிக்கும், எனினும் சில வேளை சீழ் கோத்துக் கட்டி போலவே நிற்கும். அதற்குத் தேவை மாத்திரை. உங்கள் தங்கையின் படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்த உரையாடல் இழையைப் பிறகு வந்து படிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கரிசல்மண் எழுதியது:

நான் மருத்துவர் அல்லன், நோயாளி. எனக்குக் கட்டி இருந்தது வலது கணுக்காலின் உட்புறத்தில், டிபியல் நரம்பில். உள்ளங்காலில் எரிச்சல் தொடங்கியபோது எனக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்ததால், எல்லோரும் சர்க்கரையால் வந்த நரம்பு பாதிப்பு என்றே மருந்து கொடுத்தார்கள். சர்க்கரையால் வருவது பெரும்பாலும் இரண்டு கால்களிலும் ஒருசேர வரும், எனக்கோ ஒரு காலில் மட்டும்தான் எரிந்தது. அதைச் சொல்லியும் எவரும் காதில் வாங்கவில்லை. ஒரு மருத்துவமனையில் செருப்பை மாற்றச் சொன்னார்கள், இன்னொன்றில் இடுப்புத் தட்டு விலகல் என்று முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கணுக்காலைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. இடுப்புக்கு உடற்பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் தற்செயலாகக் கணுக்காலின் பின்னால் அழுத்தியபோது, பெருவிரல் வரை தீப்பிடித்தது போல் துள்ளிவிட்டேன். அதன் பிறகுதான் சரியான இடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள்.

அறுவை முடிந்த அன்றே எரிச்சல் பெருமளவு போய்விட்டது. உள்ளங்காலில் ஒரு பகுதி மட்டும் பல மாதங்கள் மரத்திருந்தது, இப்போது நாணய அளவில் ஓரிடம் மந்தமாக இருக்கிறது. சர்க்கரை நோயாளி என்பதால் அந்த இடத்தைத் தினமும் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மரப்பு கொஞ்ச நாள் இருக்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லி வைத்திருந்ததால் நான் கலங்கவில்லை. உங்கள் தங்கையிடமும் அதை இப்போதே சொல்லிவிடுங்கள், ஐயா. முன்கூட்டித் தெரியாதவர்கள் அறுவை கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

வைகைக்கரையான் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. உள்ளூர் மயக்க ஊசிக்குக் குறித்திருந்த தேதியை ரத்து செய்துவிட்டோம். இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. தங்கையின் முதுகில் பிறந்ததிலிருந்தே காப்பி நிறத்தில் இரண்டு மச்சத் திட்டுகள் உண்டு. இணையத்தில் படித்த உறவினர் ஒருவர், இது பரம்பரை நரம்புக் கட்டி நோயாக இருக்கும், பிள்ளைகளுக்கும் வரும் என்று சொல்லிப் பதற வைத்துவிட்டார். அதைப் பற்றித் தெளிவுபடுத்த வேண்டும். அறுவையில் உண்மையில் என்ன செய்வார்கள், நரம்பை எப்படிக் காப்பாற்றுவார்கள், மருத்துவரிடம் நாங்கள் எவற்றைக் கேட்க வேண்டும் என்பதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

நுண்ணறுவை எழுதியது:

முதலில் அந்தத் திட்டுகள். உறவினர் குறிப்பிடுவது நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை. ஜெர்மானிய நோய்க்கூறியலாளர் ரெக்லிங்ஹவுசன் 1882-இல் விரிவாக எழுதியதால் அவர் பெயராலும் வழங்குகிறது. ஏறத்தாழ 3,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் மரபணு நோய் அது. பாதிப் பேருக்குப் பெற்றோரிடமிருந்து வருகிறது, மீதிப் பேருக்குப் புதிதாகத் தோன்றுகிறது. அதன் அளவுகோலின்படி திட்டுகள் ஆறு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பருவமடைந்தவருக்கு ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அத்தோடு அக்குளில் புள்ளிகள், கண்ணின் கருவிழித் திரையில் சிறு முடிச்சுகள், பல நரம்புக் கட்டிகள் போன்ற வேறு அடையாளமும் வேண்டும். இரண்டு திட்டுகள் மட்டும் இருப்பது ஆரோக்கியமானவர்களிடமும் சாதாரணமாகக் காணப்படுவதே. தோல் முழுவதையும் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் மருத்துவர் பார்த்துவிட்டால் போதும். இந்நோய் உள்ளவர்களிடம் மட்டும் நாங்கள் வேறு கண்ணோடு பார்ப்போம், ஏனெனில் அவர்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு வாழ்நாளில் நரம்புறைப் புற்று வரக்கூடும். பின்னல்வலை போலப் பரவும் நியூரோஃபைப்ரோமாக்களை அவர்களிடம் முழுமையாக அறுத்தெடுக்கவும் முடிவதில்லை. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்றே செலுமெடினிப் என்னும் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2020-இல் ஒப்புதல் கிடைத்தது. உங்கள் தங்கைக்கு அந்தப் பேச்சே எழாது என்று நினைக்கிறேன்.

இனி அறுவை. முழு மயக்கம் கொடுத்து, நரம்பின் போக்கில் நெடுக்காகத் தோலைத் திறப்போம். நேரே கட்டிக்குப் போவதில்லை. கட்டிக்கு மேலேயும் கீழேயும் ஆரோக்கியமான நரம்பைக் கண்டறிந்து, இரண்டு இடத்திலும் மெல்லிய ரப்பர் வளையம் போட்டு, தமனியை ஒதுக்கிய பிறகே கட்டியை நெருங்குவோம். பரபரப்பில்லாமல் செய்தால் இந்தப் பகுதிக்கே பாதி நேரம் போய்விடும்.

அடுத்து வருவது நுண்ணோக்கியின் வேலை. பெரிதாக்கிப் பார்க்கையில், கட்டியின் பரப்பில் நரம்பிழைக் கற்றைகள் வெள்ளை நாடாக்களாக விரிந்து கிடப்பது தெரியும். சிறு மின்தூண்டி ஒன்றால் கட்டியின் மேற்பரப்பைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு, கட்டைவிரலோ விரல்களோ துடிக்கின்றனவா என்று பார்ப்போம். தொட்டால் எதுவும் துடிக்காத, கற்றைகள் இல்லாத ஓர் இடம் கிடைக்கும். அங்கே நெடுக்காக உறையைக் கீறுவோம். இங்கேதான் அனுபவம் பேசும். உறை ஒரே தாள் அன்று, பல அடுக்குகள். போதிய ஆழம் போகாமல் வெளியடுக்கிலேயே பிரிக்கத் தொடங்கினால், ஒட்டியிருக்கும் நல்ல கற்றைகள் கிழிபடும். ஒவ்வோர் அடுக்காக விலக்கிக்கொண்டே போய், மஞ்சள் கலந்த வெண்மையில் மினுங்கும் கட்டியின் சொந்தப் பரப்பை எட்டிவிட்டால், அதன்பின் நுங்கை அதன் குழியிலிருந்து கட்டைவிரலால் நெம்பி எடுப்பது போல அது வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

கடைசியில் கட்டியின் இரு முனைகளிலும் ஒரு மெல்லிய கற்றை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டி பிறந்தது அதில்தான். தூண்டியால் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் எந்தத் தசையும் அசையாது. கட்டி எப்போதோ அதைச் செயலிழக்கச் செய்திருக்கும். அதை மட்டும் வெட்டிக் கட்டியை முழுமையாக எடுப்போம். தூண்டும்போது தசை துடித்தால் வெட்டுவதில்லை, மேலும் பிரித்துப் பார்ப்போம். நியூரோஃபைப்ரோமாவாக இருந்து முக்கியமான இயக்கக் கற்றை கட்டிக்குள்ளேயே புதைந்திருந்தால், கட்டியின் ஒரு துண்டை அந்தக் கற்றையோடு விட்டுவைப்பதா, வெட்டிவிட்டுக் கெண்டைக்காலின் சூரல் நரம்பிலிருந்து துண்டெடுத்து ஒட்டுவதா என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டி வரலாம். தீங்கற்ற கட்டிக்காக வேலை செய்யும் நரம்பைப் பலிகொடுப்பதை நான் ஏற்பதில்லை. இதைப் பற்றி அறுவைக்கு முந்திய நாளே மருத்துவரோடு பேசி, தங்கையின் தொழிலையும் சொல்லி, ஒப்புதல் படிவத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை மூன்றே. நுண்ணோக்கி அல்லது பெருக்கிக் கண்ணாடி பயன்படுத்துவார்களா, நரம்புத் தூண்டி அரங்கில் இருக்கிறதா, தேவைப்பட்டால் நரம்பை ஒட்டுப்போடும் பயிற்சி அவருக்கு உண்டா. மூன்றுக்கும் ஆம் என்றால், அவர் பிளாஸ்டிக் அறுவை மருத்துவரா, நரம்பியல் அறுவை மருத்துவரா, எலும்பு மருத்துவரா என்பது இரண்டாம் பட்சம். தமிழகத்தில் கை அறுவைக்கென்றே நீண்ட மரபு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் இதற்குத் தனித் துறைகளே இருக்கின்றன. செலவுக்கு அஞ்சி அரைகுறை இடத்துக்குப் போக வேண்டியதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இது வருமா என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு மேசையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மயக்கவியல் எழுதியது:

மேலே மருத்துவர் சொன்ன தூண்டி வேலை செய்ய வேண்டுமானால், எங்கள் தரப்பில் இரண்டு காரியங்கள் சரியாக நடக்க வேண்டும். தசைத் தளர்த்தி மருந்து நீடித்து வேலை செய்தால் நரம்பைத் தூண்டினாலும் விரல் அசையாது, எல்லா இடமும் ஆபத்தில்லாத இடம் போலத் தோன்றிவிடும். எனவே குழாய் செருகுவதற்கு மட்டும் குறுகிய நேர மருந்தைக் கொடுத்து, அதன்பின் நிறுத்திவிடுவோம். அதே காரணத்தால் அக்குளில் நரம்பை மரக்கச் செய்யும் ஊசியையும் அறுவைக்கு முன் போடுவதில்லை. போட்டால் விழித்தவுடன் விரல் அசைகிறதா என்று சோதிக்கவும் முடியாது. இரண்டாவது, இரத்தப் போக்கை நிறுத்தக் கையில் கட்டும் டூர்னிக்கே. அதைக் கட்டி அரை மணி நேரம் நெருங்கும்போது நரம்பே இரத்தமின்றித் தூண்டலுக்குப் பதில் சொல்லாமல் போகும். மேல்கையின் நடுவில் கட்டி இருக்கையில் அதைக் கட்ட இடமும் இருக்காது, ஆகவே இந்த அறுவையைப் பெரும்பாலும் அது இல்லாமலே செய்வார்கள்.

தாமிரபரணி எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. என் தந்தைக்கு வயது 74. முன்கையில் இதே வகைக் கட்டி இருப்பதாகப் படத்தில் தெரிந்தது. வலியில்லை, வளரவும் இல்லை. மருத்துவர் எடுக்க வேண்டாம், வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்றார். இங்கே எல்லோரும் அறுவையை நோக்கியே பேசுவதைப் பார்த்தால், நாங்கள் தவறவிடுகிறோமோ என்று தோன்றுகிறது.

நுண்ணறுவை எழுதியது:

தவறவிடவில்லை. உங்கள் தந்தையின் மருத்துவர் சொன்னதே சரி. படத்தில் ஐயமில்லாத, தொல்லை தராத, வளராத சிறு கட்டியைப் பார்த்துக்கொண்டு விட்டுவிடுவது முறையான சிகிச்சையே. நான் கத்தி எடுப்பது, வலியோ அதிர்வோ அன்றாட வேலையைத் தடுக்கும்போது, கட்டி வளரும்போது, தசை பலவீனமாகும்போது, அல்லது படத்தைக் கொண்டு புற்றை விலக்க முடியாதபோது. வளர்வது உறுதியானால் மட்டும் மிகவும் தள்ளிப்போடுவதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் பெரிய கட்டியின் மேல் நரம்பிழைகள் தாள் போல மெலிந்து விரிந்துவிடுவதால் அவற்றைக் காப்பது கடினமாகிறது. தையல் வேலை செய்பவர் ஒவ்வொரு முறை கை இடிக்கும்போதும் விரல் அதிர்ந்தால், எடுப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

வைகைக்கரையான் எழுதியது:

தங்கையிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். எடுத்துவிடலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். நுண்ணோக்கி வசதியுள்ள இடத்தில் அடுத்த வாரம் கலந்தாலோசிக்க நேரம் வாங்கியிருக்கிறோம். தையல் இயந்திரத்துக்கு எப்போது திரும்பலாம், மறுபடி வருமா, எடுத்த கட்டியை என்ன செய்வார்கள் என்ற மூன்றையும் கேட்கச் சொன்னாள்.

நுண்ணறுவை எழுதியது:

கட்டி முழுவதும் நோய்க்கூறியல் ஆய்வுக்குப் போக வேண்டும். போகிறதா என்பதை நீங்களும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இறுதிப் பெயரைச் சொல்வது நுண்ணோக்கிக் கண்ணாடித் தட்டுதான். ஷ்வானோமாவில் செல்கள் நெருங்கி அணிவகுத்த பகுதிகளும், தளர்ந்து நீர்த்த பகுதிகளும் மாறிமாறி இருக்கும். வெரோகே என்னும் நோய்க்கூறியலாளர் 1910-இல் விவரித்த செல் வரிசைகளும் தென்படும். எஸ்-100 என்னும் சாயப் பரிசோதனையில் அது பரவலாக நிறம் காட்டும். அந்த அறிக்கையையும் எம்.ஆர்.ஐ. குறுந்தகட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முழுமையாக எடுத்த தனி ஷ்வானோமா மீண்டும் வருவது அரிது. வேறு இடத்தில் இன்னொரு கட்டி தோன்றினால் மட்டும் மரபணுக் காரணத்தைத் தேட வேண்டும்.

வேலையைப் பொறுத்தவரை, மறுநாளே விரல்களை மடக்கி நீட்டச் சொல்வோம். இரண்டு வாரத்தில் தையல் பிரித்த பிறகு துணி வெட்டுவதையும் இலேசான தையலையும் தொடங்கலாம். கனமான துணிமூட்டை தூக்குவதைக் கூடுதலாகச் சில வாரம் தள்ளிவையுங்கள். நரம்பை நகர்த்தியதால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் மதமதப்பு சில வாரங்களோ சில மாதங்களோ இருக்கக்கூடும், பெரும்பாலோருக்கு அது தேய்ந்து மறையும். அது தீரும் வரை இஸ்திரிப் பெட்டியிடம் எச்சரிக்கை தேவை. சூடு உறைக்காத விரல் நுனி கொப்பளித்த பிறகே தெரியும், ஆகவே இஸ்திரி போடும் வேலையை அதுவரை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். கட்டைவிரலை உள்ளங்கைக்குக் குறுக்கே கொண்டுவந்து சுண்டுவிரலைத் தொட முடிகிறதா என்று அறுவைக்கு முன்பே ஒருமுறை செய்யச் சொல்லிக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு அதைவிட உதவியானது வேறில்லை.